உதவியின் அளவு: ஜோர்ஜ் போல்யாவின் கணித நூல் பற்றிய ஒரு திறனாய்வு

கணக்குக் கொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஆசிரியரின் மேசையருகே வந்து நிற்கும் மாணவனைக் காணாத பாடசாலை இல்லை. "சேர், இந்தக் கணக்கு வரவில்லை" என்பதே பெரும்பாலும் அவன் கூறும் முழு வாக்கியம். வாக்கியம் சிறிது, அதனுள் அடங்கிய கோரிக்கையோ மூவகைப்படும். விடை வேண்டி நிற்பவன் ஒருவன். அக்கணக்கைச் செய்யும் வழி வேண்டி நிற்பவன் இன்னொருவன். அடுத்த கணக்கைத் தானே செய்யும் ஆற்றல் வேண்டி நிற்பவன் மூன்றாமவன். மூவரும் ஒரே சொற்களாலேயே கேட்கின்றனர். ஆசிரியர் பேனாவை எடுத்து ஐந்து வரிகளிற் கணக்கைச் செய்து கொடுப்பாராயின் மூவரும் "விளங்கிவிட்டது" என்று சொல்லிச் செல்வர். முதலாமவனுக்கு அவன் கேட்டது கிடைத்தது. இரண்டாமவனுக்கு ஒரு பகுதி கிடைத்தது. மூன்றாமவன் வெறுங்கையுடன் போகின்றான். அதனை அவன் அப்பொழுது அறியான். பரீட்சை மண்டபத்திலேயே அறிவான்.

உதவி எத்தகையதாய், எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும்? இவ்வினாவைப் பொருளாகக் கொண்டெழுந்த நூல்களுள் தலையாயது ஜோர்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஹவ் டு சொல்வ் இற்' என்பதாகும். 'தீர்ப்பது எங்ஙனம்?' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக அச்சகம் அதனை 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டது. எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்நூல் கணித ஆசிரியர்களிடையே பேசப்படுகின்றது. பேசப்படுமளவிற்குப் படிக்கப்படுகின்றதா என்பது வேறு வினா. அந்நூல் கூறுவது யாது, கூறாது விட்டது யாது, இன்றைய மாணவனுக்கு அதனால் ஆவது யாது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

போல்யா 1887 இல் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர். பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலத் தொடங்கி, பின் மொழியும் இலக்கியமும் மெய்யியலும் கற்று, இறுதியிற் கணிதத்தை அடைந்தவர். 1914 முதல் 1940 வரை சுவிற்சலாந்தின் சூரிச் நகரிலும், பின்னர் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 1985 இல் மறைந்தார். அவர் பிறந்த நாட்டில் உயர்தரப் பாடசாலை மாணவர்க்கெனக் கணித வினாக்களை வெளியிடும் சஞ்சிகையொன்று 1894 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் தானியேல் அரன்ய் என்னும் பாடசாலை ஆசிரியர். அச்சஞ்சிகையில் வினா முதலில் வெளியாகும். மாணவர் அதற்குத் தீர்வு எழுதி அனுப்புவர். சிறந்த தீர்வு பின்னர் வெளியாகும். வினாவுக்கும் விடைக்கும் இடையே காலம் ஒன்று உண்டு, அக்காலமே கல்வி நிகழும் காலம் என்னும் கருத்து அந்நாட்டுக் கல்வி மரபில் ஊறியிருந்தது. போல்யாவின் நூலும் அம்மரபின் கனியே எனலாம்.

நூலின் தோற்றுவாய் ஒரு மாணவனுடைய மனக்குறையாகும். விரிவுரைகளைக் கேட்டும் நூல்களைப் படித்தும் தீர்வுகளை ஏற்றுக்கொண்ட மாணவன் ஒருவனை ஒரு கேள்வி ஓயாது வருத்திற்று என முகவுரையிற் கூறும் போல்யா, அம்மாணவன் தாமே என்பதையும் மறைக்கவில்லை. தீர்வு சரியாகவே இருக்கின்றது. ஆனால் இத்தீர்வை ஒருவன் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே அக்கேள்வி. கரும்பலகையில் எழுதப்படும் நிறுவல் ஒழுங்கானது. முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை இடறாது செல்வது. ஆனால் எந்த மனமும் அவ்வொழுங்கிற் சிந்திப்பதில்லை. தேடியவன் பட்ட தடுமாற்றமும், கைவிட்ட வழிகளும், திடீரெனப் பிறந்த ஒளியும் கரும்பலகையில் இடம்பெறுவதில்லை. ஆதலின் மாணவன் கட்டடத்தைக் காண்கின்றான், சாரத்தைக் காண்பதில்லை. அச்சாரத்தைக் காட்டுதலே நூலின் நோக்கம்.

தீர்வு தேடும் முயற்சியை நூல் நான்கு கட்டங்களாக வகுக்கின்றது: வினாவை விளங்கிக்கொள்ளல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றல், மீள நோக்கல். இந்நான்கையும் மனனஞ் செய்தவர் நூலைக் கற்றவராகார். நூலின் உயிர்நிலை முதற்பகுதியில் வரும் ஒரு வகுப்பறைக் காட்சியிலேயே உள்ளது. கனவுரு ஒன்றின் நீளம், அகலம், உயரம் ஆகியன தரப்பட்டுள்ளன. அதன் மூலைவிட்டத்தின் நீளத்தைக் காண்க என்பதே வினா. மாணவர் பைதகரசின் தேற்றத்தை அறிவர். திண்மக் கேத்திரகணிதப் பயிற்சி அவர்க்குச் சிறிதே உண்டு. வகுப்பறையே கனவுரு வடிவினதாதலால், நிலத்தின் ஒரு மூலையினின்றும் அதற்கெதிரே கூரையின் மூலைவரை செல்லும் கோட்டினைக் கண்ணாற் காணலாம்.

அங்கு ஆசிரியர் கேட்கும் வினாக்கள் எளியன. காணவேண்டியது யாது? தரப்பட்டவை யாவை? இதனோடு தொடர்புடைய வினா எதனையேனும் அறிவாயா? வகுப்பு மௌனமாய் இருக்கின்றது. ஆசிரியர் மீண்டும் தெரியாக் கணியத்தை நோக்குமாறு ஏவுகின்றார். அது ஒரு கோட்டின் நீளம். கோட்டின் நீளத்தைக் காணும் கணக்கு எதனையும் முன்னர்ச் செய்ததில்லையா? செய்ததுண்டு, செங்கோண முக்கோணியின் பக்கத்தைக் கண்டதுண்டு. அப்படியாயின் இவ்வுருவில் முக்கோணி ஒன்று இருக்கலாகாதா? இங்ஙனம் வினா படிப்படியே குறுகிச் செல்ல, நிலத்தின் மூலைவிட்டம் ஒரு பக்கமாகவும் சுவரின் உயரம் மறுபக்கமாகவும் அமையும் செங்கோண முக்கோணியை மாணவனே காண்கின்றான். நீளம் 4, அகலம் 3, உயரம் 12 எனக் கொண்டால் நிலத்தின் மூலைவிட்டம் 5 ஆகும். கனவுருவின் மூலைவிட்டம் 13 ஆகும்.

இக்காட்சியின் அருமை, ஆசிரியர் கேட்ட வினாக்களினும் பார்க்க, அவர் கேளாதுவிட்ட வினாவிலேயே தங்கியுள்ளது. "பைதகரசின் தேற்றத்தைப் பிரயோகிக்க முடியாதா?" என்று தொடக்கத்திலேயே அவர் கேட்டிருக்கலாம். பெரும்பாலான ஆசிரியர் அவ்வாறே கேட்பர். நல்ல குறிப்பொன்றைக் கொடுத்ததாகவும் மகிழ்வர். போல்யா அதனைத் தீய உதவி என்கின்றார். அவர் காட்டும் காரணங்கள் கூர்மையானவை. மாணவன் தீர்வை அண்மித்திருந்தால் அக்குறிப்பு அவனுக்கு வேண்டியதில்லை. அண்மித்திராவிடின் அக்குறிப்பு எதற்கென்றே அவனுக்கு விளங்காது. விளங்கினாலோ இரகசியம் முழுவதும் வெளியாகிவிடும். அவன் செய்தற்கு எஞ்சுவது சிறிது. அக்குறிப்பு இவ்வொரு கணக்குக்கே உரியது. நாளைய கணக்கிற்கு அதனாற் பயனில்லை. இவையனைத்துக்கும் மேலாக, அத்தேற்றம் ஆசிரியரின் நினைவுக்கு எவ்வாறு வந்தது என்பதை மாணவன் அறிய வழியில்லை. வித்தைக்காரன் தொப்பியினின்றும் முயலை எடுப்பது போல ஆசிரியர் தேற்றத்தை எடுத்துக் காட்டினார், மாணவன் வியந்தான், கற்றானல்லன்.

ஆகவே நல்ல உதவிக்குப் போல்யா தரும் இலக்கணம் இரண்டே. அது பொதுவானதாய் இருத்தல் வேண்டும். பிற கணக்குகளுக்கும் பொருந்துதல் வேண்டும். அது இயல்பானதாய் இருத்தல் வேண்டும். மாணவனுடைய மனத்திலேயே தோன்றியிருக்கக் கூடியதாய் அமைதல் வேண்டும். உதவி மிகுந்தால் மாணவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. குறைந்தால் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். வேலையின் நியாயமான பங்கு அவனுக்கே உரியது என்பதே அவர் கொள்கை.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்விடத்தில் நன்னூல் நினைவுக்கு வருதல் இயல்பு. பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் அறிவினா என்பது விடையை அறிந்தவன், பிறன் அறிவானோ என்று காணக் கேட்பது. அறியாவினா என்பது அறியாதவன் அறிதற்பொருட்டுக் கேட்பது. முன்னையது ஆசிரியனுக்கும் பின்னையது மாணாக்கனுக்கும் உதாரணமாகக் காட்டப்படுவது உரைகாரர் வழக்கு. போல்யாவின் ஆசிரியர் "காணவேண்டியது யாது?" என்று கேட்கும்பொழுது அது அறிவினாவே. ஆனால் அவ்வினா அங்கேயே நின்றுவிடின் நூல் தோற்றுவிடும். இன்று ஆசிரியரிடமிருந்து வந்த அறிவினா, நாளை ஆசிரியரில்லாத வேளையில் மாணவன் தன்னைத் தானே கேட்கும் அறியாவினாவாக மாறுதல் வேண்டும். தன்னிடமே வினவித் தன்னிடமே விடை பெறுதல் கற்றவனுடைய அடையாளம். நூலின் முழுமுயற்சியும் இம்மாற்றத்தின் பொருட்டே என்று கூறின் அது மிகையன்று.

வினாவின் வழியே கற்பித்தல் போல்யாவின் புதுமையன்று. பிளேற்றோ எழுதிய 'மெனோ' என்னும் உரையாடலிற் சோக்கிரதீசர் எழுத்தறியாத அடிமைச் சிறுவன் ஒருவனைக்கொண்டு கேத்திரகணித முடிபொன்றைக் காணச் செய்கின்றார். பக்கம் 2 அடியாகவுள்ள சதுரத்தின் பரப்பு 4. அதனிலும் இருமடங்கு பரப்புடைய சதுரத்தின் பக்கம் யாது என்பது வினா. சிறுவன் 4 அடி என்கின்றான். பரப்பு 16 ஆகிவிடுகின்றது. 3 அடி என்கின்றான். அது 9 ஆகின்றது. இனித் தனக்குத் தெரியாது என்று அவன் ஒப்புக்கொள்ளும்பொழுது, அத்திகைப்பே அவனுக்குக் கிடைத்த நன்மை என்று சோக்கிரதீசர் கூறுகின்றார். இதுவரை காட்சி சிறப்பானது. இதன் பின்னரோ சோக்கிரதீசர் தாமே மூலைவிட்டங்களை வரைந்து காட்டுகின்றார். சிறுவன் பெரும்பாலும் ஆமெனத் தலையசைக்கின்றான். மூலைவிட்டத்தை வரையும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. போல்யாவின் அளவுகோலால் நோக்கின் தொப்பியினின்றும் முயல் அங்கும் எடுக்கப்பட்டது. எனினும் ஒன்றிற் சோக்கிரதீசர் போல்யாவை விஞ்சி நிற்கின்றார். அவருடைய சிறுவன் பிழைவிடுகின்றான், பிழை சோதிக்கப்படுகின்றது. போல்யாவின் முதன்மை உதாரணத்து மாணவன் மௌனமாய் இருக்கின்றானேயன்றிப் பிழைவிடுவதில்லை. மெய்யான மாணவன் மௌனத்தாலும் உதவி கேட்பான், பிழையாலும் கேட்பான்.

கீழைத்தேயக் கணித மரபு வேறு வழியிற் சென்றது. பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டளவில் இயற்றிய 'லீலாவதி' விதியை முன்னர்க் கூறி உதாரணத்தைப் பின்னர் வைப்பது. வண்டுக் கூட்டத்திற் பாதியின் வர்க்கமூலம் ஒரு மலருக்குச் சென்றது. முழுத்தொகையில் ஒன்பதில் எட்டுப் பங்கு வேறிடஞ் சென்றது. எஞ்சியவை ஓர் இணை. மொத்தம் எத்தனை என்று ஓர் இளம்பெண்ணை நோக்கி வினவும் கணக்கு அந்நூலின் புகழ்பெற்ற பகுதி. விடை 72. வினாவின் அழகு நெஞ்சை விட்டு நீங்காது. தமிழிற் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்', பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணக் காம்பருகேயுள்ள முள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்குமாறு கூறும். ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று கேட்டற்கு அங்கு இடமில்லை. ஏடும் எழுத்தாணியும் அரியனவாய் இருந்த காலத்தில் விதியைச் செய்யுளாக்கி நினைவில் நிறுத்தியமை பெரும் உதவியே. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால் விதியைத் தருதல் வேறு. விதியைக் காணும் வழியைத் தருதல் வேறு. யாழ்ப்பாணத்திற் கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்ட காலந்தொட்டுப் புதிய கணிதம் தமிழிற் பயிலப்பட்டு வருகின்றது. கணிதம் புதிதாயிற்று; அதனைக் கற்பிக்கும் முறையோ பல வகுப்பறைகளில் இன்னும் பலாப்பழத்து விதியின் முறையாகவே இருக்கின்றது.

இனி, நூலின் குறைகளை நோக்குதல் வேண்டும். போல்யாவின் மாணவன் வேண்டிய அறிவு முழுவதையும் உடையவன். அவனுக்குக் குறையாய் இருப்பது அவ்வறிவை நினைவுக்குக் கொணரும் ஆற்றல் மாத்திரமே. மேசையருகே வந்து நிற்கும் மாணவனோ பலவேளைகளில் முன்னைய வகுப்பிற் பின்னங்களையே சரிவரக் கல்லாதவன். அவனிடம் "தொடர்புடைய கணக்கு எதனையேனும் அறிவாயா?" என்று எத்தனை முறை கேட்டாலும் இல்லாத பண்டத்தைப் பெட்டகத்தினின்றும் எடுக்க முடியாது. அவனுக்கு வேண்டியது வினாவன்று, பாடம். எவனுக்கு வினா, எவனுக்குப் பாடம் என்று பிரித்தறியும் வழியை நூல் விரிவாகக் கூறவில்லை.

போல்யாவின் வினாக்களது பொதுமையே அவற்றின் வலிமையும் மெலிவுமாகும். அமெரிக்கக் கணிதக் கல்வி ஆராய்ச்சியாளர் அலன் ஷொன்பெல்ட் 1985 இல் வெளியிட்ட நூலில், போல்யாவின் வழிகள் தேர்ந்த கணிதர் செய்வதை நன்கு விவரிப்பனவேயன்றிப் பயில்வோன் பின்பற்றத்தக்க அளவிற்கு நுணுக்கமாய் இல்லை என்று காட்டினார். கணக்கைத் தீர்க்க முயலும் மாணவரை அவர் உற்றுநோக்கினார். அவருட் பலர் வினாவை வாசித்தவுடனே ஒரு வழியிற் புகுந்து, அது பயன்றருகின்றதா என்று ஒருகாலும் நின்று பாராமல் நேரம் முடியும்வரை அவ்வழியிலேயே சென்றனர். அறிவு இருந்தும் அதனை ஆளத் தெரியவில்லை. ஆதலின் அவர் தம் மாணவரிடம் இடையிடையே சென்று, என்ன செய்கின்றாய், ஏன் செய்கின்றாய், அது எவ்வாறு உதவும் என்று வினவும் வழக்கத்தை மேற்கொண்டார். இது போல்யாவை மறுப்பதன்று. போல்யா தொடங்கியதை நிறைவு செய்வதாகும்.

நூலுக்கு நேர்ந்த பெருங்கேடு அதனைப் போற்றியோராலேயே நேர்ந்தது. அமெரிக்கக் கணித ஆசிரியர் தேசிய மன்றம் 1980 இல், பிரசினந் தீர்த்தலே பாடசாலைக் கணிதத்தின் மையமாதல் வேண்டும் என்று அறிவித்த பின்னர், நான்கு கட்டங்களும் பாடநூல்களில் நான்கு பெட்டிகளாயின. வகுப்பறைச் சுவரில் வண்ணத்தாளாயின. விதிகளை மனனஞ் செய்வதற்கு மாற்றாக எழுந்த நூல் தானே மனனஞ் செய்யும் விதியாயிற்று. 'திட்டம் வகுத்தல்' என்று சுவரில் எழுதியிருப்பதால் எவனுக்கும் திட்டம் பிறப்பதில்லை. இதற்குப் போல்யா பொறுப்பாளியல்லர். ஆயினும் எந்த நல்ல முறையும் பட்டியலாகும்பொழுது இறக்கும் என்பதற்கு அவருடைய நூலே உதாரணமாயிற்று.

பௌதிகவியல் போன்ற விஞ்ஞானப் பாடங்களிற் போல்யாவின் வினாக்கள் போதுமா என்பதும் கேட்கத்தக்கது. தரப்பட்டவை யாவை, காணவேண்டியது யாது என்னும் வினாக்களை மாத்திரம் கொண்டு செல்லும் மாணவன் சமன்பாட்டுப் பட்டியலிற் பொருத்தமான எழுத்துக்களைத் தேடுபவனாகின்றான். க.பொ.த. உயர்தர வகுப்பினர் நன்கறிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தினின்றும் 25 மீற்றர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து பந்து ஒன்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் நிலைக்குத்தாக மேனோக்கி எறியப்படுகின்றது. வளித்தடையை நீக்கி, ஈர்வையினாலான ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், எத்தனை செக்கன்களில் அது நிலத்தை அடையும்?

பட்டியலிற் சமன்பாட்டைத் தேடிய மாணவன் இடப்பெயர்ச்சிக்கு 25 என்றும், நேரத்துக்குரிய உறுப்புக்களை 20 இன் நேரமடங்கிலிருந்து நேரவர்க்கத்தின் ஐந்து மடங்கைக் கழித்தது என்றும் எழுதுகின்றான். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க முயலும்பொழுது வர்க்கமூலக் குறியின்கீழ் சய எண் வந்துவிடுகின்றது. "சேர், கணக்கு வரவில்லை" என்று அவன் எழுந்து வருவது இக்கணத்திலேயாம். "25 இற்கு முன் சயக் குறியைப் போடு" என்று ஆசிரியர் கூறினால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும்: 5 செக்கன். மாணவன் மகிழ்ந்து செல்வான். அவ்வரை நிமிடத்தில் இழந்தது எவ்வளவு என்பதை இருவரும் அறியார்.

அவன் எழுதிய சமன்பாடு பொய் கூறவில்லை. எறிந்த இடத்திற்கு மேலே 25 மீற்றர் உயரத்தைப் பந்து எப்பொழுது அடையும் என்பதே அவன் உண்மையிற் கேட்ட வினா. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் எறியப்பட்ட பந்து 20 மீற்றருக்கு மேல் எழாது. ஆகையால், அப்படியொரு நேரம் இல்லை என்று சமன்பாடு நேர்மையாக விடையிறுத்தது. பிழை சமன்பாட்டிலன்று, வினாவிலே. "நீ எழுதியது என்ன கேட்கின்றது?" என்ற ஒரு வினா போதும், மாணவன் தன் பிழையைத் தானே காண்பான். குறியைத் திருத்தியபின் அவன் பெறும் மூலங்கள் இரண்டு: 5, சய 1. இரண்டாவதைக் கோடிட்டு அடிப்பது வழக்கம். மீள நோக்கும் பழக்கமுள்ளவன் அதனையும் வினவுவான். எறிவதற்கு ஒரு செக்கன் முன்னர் யாது நிகழ்ந்திருக்கலாம்? அக்கணத்தில் ஒருவன் நிலத்திலிருந்து செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்திருந்தால், அது ஒரு செக்கனில் 25 மீற்றர் எழுந்து, கட்டடத்தின் உச்சியைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடனேயே கடந்திருக்கும். அதன்பின் இரு பந்துகளுக்கும் வேறுபாடில்லை. கணிதம் அவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டது. அடித்துத் தள்ளப்பட்ட மூலத்திற்கும் பொருள் உண்டு என்று ஒரு முறை கண்ட மாணவன் அதன்பின் எந்த விடையையும் பொருள் வினவாது விடமாட்டான்.

மீள நோக்கலே போல்யாவின் நான்கு கட்டங்களுள் மிக அதிகமாகக் கைவிடப்படுவது. மிக அதிகப் பயன் தருவதும் அதுவே. கனவுரு உதாரணத்திலும் விடை கிடைத்த பின்னரே அவர் அழகிய வினாக்களை எழுப்புகின்றார். உயரத்தைப் பூச்சியமாக்கினால் விடை செவ்வகத்தின் மூலைவிட்டமாகின்றதா? நீள அகல உயரங்களை ஒன்றோடொன்று மாற்றினாலும் விடை மாறாதிருக்கின்றதா? இவை விடையைச் சோதிப்பன மாத்திரமல்ல, விடையை உடைமையாக்குவன.

1957 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இருபது வினாக்கள் சேர்க்கப்பட்டன. அவற்றின் அமைப்பே ஒரு பாடமாகும். முதலில் வினாக்கள், அடுத்துக் குறிப்புக்கள், இறுதியிலே தீர்வுகள். மூன்றும் தனித்தனிப் பகுதிகள். வினாவிலிருந்து விடைக்குச் செல்வோன் குறிப்பின் வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். உதவி உண்டு, ஆனால் அது படிப்படியாக, கேட்டவனுடைய முயற்சிக்குப் பின்னர், கேட்ட அளவே தரப்படுகின்றது.

இவ்வாயில் இன்று இடிந்துவிட்டது. கணக்கைப் படமெடுத்தாற் படிமுறைகளுடன் விடை தரும் செயலிகள் 2014 ஆம் ஆண்டளவிலேயே தொலைபேசியில் வந்துவிட்டன. 2022 இன் இறுதியிலிருந்து, கேட்டதற்கெல்லாம் உரையாடலாக விடை கூறும் கணினிப் பொறிகளும் மக்கள் கைக்கு எட்டின. விடைக்கு இனிப் பஞ்சமில்லை. கடந்தகால வினாத்தாள்களுக்கு விடையும் புள்ளித்திட்டமும் கடைகளிற் கிடைக்கின்றன. மண்டபம் நிறைந்த மாணவர்க்கு ஒலிபெருக்கியிற் பாடஞ் சொல்லும் தனியார் வகுப்புக்களும் விரைவாகத் தீர்வையே தருகின்றன, ஐந்நூறு பேரிடம் "நீ எழுதியது என்ன கேட்கின்றது?" என்று எவரும் தனித்தனியே வினவ முடியாது.

போல்யாவின் நூல் வெளிவந்த 1945 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பறையின் கதவு திறந்தது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் உதவி இலவசமாகவில்லை. கணிதமறிந்த தந்தையோ அண்ணனோ அக்காவோ வீட்டில் உள்ள பிள்ளைக்கு இரவில் ஒரு வினாவும் ஒரு குறிப்பும் கிடைக்கும். இல்லாத பிள்ளைக்கு, பணமிருந்தால் தனியார் வகுப்பு. பணமில்லையேல் அடுத்தவன் கொப்பியைப் பார்த்தெழுதும் காலைப்பொழுது. இன்று தொலைபேசி அவ்விருவருக்கும் ஒரே விடையை அளிக்கின்றது. பார்வைக்கு வேற்றுமை நீங்கியது போலத் தோன்றும். மெய்யான வேற்றுமை விடையிலன்று. விடைக்கு முன் வினவுவார் ஒருவர் அருகில் இருந்தாரா என்பதிலேயாம். அவ்வொருவர் வீட்டில் இல்லாத பிள்ளைக்கு அவர் பாடசாலையிலேனும் இருத்தல் வேண்டும்.

இந்நூலின் இறுதிப் பெறுமதியும் இதுவே. அதன் வினாக்கள் எல்லாக் கணக்கையும் தீர்ப்பன அல்ல. அடிப்படை கல்லாதவனுக்கு அவை போதா. பிழைவிடுபவனைப் பற்றி அது குறைவாகவே பேசுகின்றது. விஞ்ஞானக் கணக்கிற் பொருள் வினவும் பழக்கத்தை அதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இக்குறைகளையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும் ஓர் உண்மை அசையாது நிற்கின்றது. கணக்குத் தீர்த்தலைக் கற்பித்தல் அறிவை மாத்திரமன்றி மனவுறுதியையும் வளர்க்கும் கல்வி என்று போல்யா கருதினார். தேடலின் துன்பத்தையும் கண்டடைதலின் இன்பத்தையும் பாடசாலையில் ஒருமுறையேனும் நுகராத மாணவனுடைய கணிதக் கல்வி அதன் உயிர்நிலையிலேயே தவறியது என்பது அவர் தீர்ப்பு.

உதவி கேட்டு வருதல் இழிவன்று. வினாதலை நன்னூலும் மாணாக்கன் கடமைகளுள் ஒன்றாகவே கூறும். வந்தவனுக்கு விடையைக் கொடுத்தனுப்புதல் எளிது; நேரமும் மிஞ்சும். வினாவைக் கொடுத்தனுப்புதல் கடினம். கொடுப்பவருக்குப் பொறுமையும் பெறுபவனுக்குத் துணிவும் வேண்டும். விடை பெற்றுச் சென்றவன் அடுத்த கணக்குடன் மீண்டும் மேசையருகே வருவான். வினாவைப் பெற்றுச் சென்றவனும் ஒரு நாள் வருவான். ஆனால் அவன் கொப்பியில் கணக்குத் தீர்ந்திருக்கும், அதன்கீழ் அவனே எழுதிய புதிய வினா ஒன்றும் இருக்கும்.